தேசப்பனை ஏன் பரிசோதனைக்கு அனுப்பவில்லை

‘கணவனையும் கூட்டிக்கொண்டு வா’ என்று கர்ப்பிணிகளிடம் சொல்ல வேண்டும் என்று இப்போது உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லித்தருகிறார்களாம். நல்லது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் தாய்சேய் நல மையத்தின் வாசலில் ‘ஆண்கள் உள்ளே வரக் கூடாது’ என்று பலகையே மாட்டியிருந்தோம். பெண்டாட்டியை ஆட்டோவிலோ மீன்பாடி வண்டியிலோ கொண்டுவந்து இறக்கிவிட்டு, எதிரே டீக்கடையில் போய் நிற்பதுதான் கணவன்மார்களின் வேலை. குழந்தை பிறந்தால் ஆயா வாசலுக்குப் போய் ஒரு குரல் கொடுப்பாள். அவ்வளவுதான். பலகையையும் நாமே மாட்டிவிட்டு, இந்த ஆம்பிளைகளுக்குப் பொறுப்பே கிடையாது என்று மாதாந்திரக் கூட்டத்தில் நாமே பேசவும் செய்வோம். அப்போது அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

என் அனுபவத்தைச் சொல்லச் சொன்னீர்கள். பிரசவம் பார்ப்பது எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை. அதையெல்லாம் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஒரே ஒரு புருஷனைப் பற்றிச் சொல்கிறேன். அவனை ஒரு பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி எல்லாரும் என்னை நெருக்கினார்கள். நான் அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்பதுதான் விஷயம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் மையம் திருவொற்றியூரில், கடலோரக் குப்பங்களை ஒட்டி இருந்தது. அங்கே கஸ்தூரி என்று ஒரு பெண். கூடையில் மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்பாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இதயத்தின் வால்வு ஒன்று சுருங்கிப்போயிருந்தது. அது யாருக்கும் தெரியாமலே கல்யாணமும் ஆகி, முதல் பெண்ணும் பிறந்துவிட்டது. இரண்டாவது பிரசவத்தில்தான் மூச்சு முட்டி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பிழைப்பாளா மாட்டாளா என்று ஆகிவிட்டது. அதுவும் பெண். அங்கிருந்த டாக்டர் புருஷனைக் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார். இன்னொரு பிள்ளை என்றால் இவள் மிஞ்ச மாட்டாள். கருத்தடை ஆபரேஷனையும் இவள் உடம்பு தாங்காது. செய்வதாக இருந்தால் நீதான் செய்துகொள்ள வேண்டும்.

புருஷன் பெயர் தேசப்பன். கட்டுமரத்தில் போகிறவன். அந்தக் குப்பத்தில் அதுவரை ஒரு ஆம்பிளைகூட கருத்தடை செய்துகொண்டதில்லை. பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்கள். துடுப்புப் போடுகிற கையில் பலம் போய்விடும் என்பது ஒரு பயம்; வெளியில் சொல்லாத பயம் இன்னொன்று. தேசப்பன் போனான். பொங்கல் முடிந்து ஒரு முகாம் நடந்தது. அதில் செய்துகொண்டு வந்தான். வலை பின்னுகிற கொட்டாயில் அவனை எப்படியெல்லாம் கேலி செய்திருப்பார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அவன் அம்மா ஒரு வாரம் மகனோடு பேசவில்லை. எனக்கு அவன்மேல் மரியாதையே வந்துவிட்டது. கூட்டங்களில் பெயர் சொல்லாமல் அவனை உதாரணம் காட்டினேன்.

சித்திரை வெயிலில் ஒருநாள் காலையில் கஸ்தூரியைத் தூக்காத குறையாக எங்கள் மையத்துக்குக் கொண்டுவந்தார்கள். படுக்கவைத்தால் படுக்கவில்லை. உட்கார்ந்தபடி, கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். லேடி டாக்டர் பார்த்தார். இரண்டு மாதம் தள்ளிப்போயிருந்தது.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “இப்பவே இப்படி மூச்சு வாங்குதுன்னா மாசம் ஏற ஏற தாங்காது. இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். கலைச்சுட்டாத்தான் பிழைப்பா. போகச் சொல்லுங்க” என்றார்.

நான் போய்ச் சொன்னேன். கஸ்தூரி தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

“அவரு வந்தாத்தான் போவேன்.”

“இன்னா கஸ்தூரி இது? சட்டப்படி உன் கையெழுத்து ஒண்ணு போதும். புருசன் வரணும்னு ஒண்ணும் இல்ல” என்றேன்.

“சட்டம் குப்பத்துல கீதா, நர்சம்மா?” மூச்சு வாங்கிவிட்டுத்தான் அடுத்த வார்த்தை வந்தது. “அவரு ஆப்ரேசன் பண்ணிகினது ஊருக்கே தெரியும். இப்ப நான் முழுவாம கீறேன். நான் ஒண்டியா போய்க் கலைச்சிகினு வந்தேன்னு வெச்சுக்க, தப்பு பண்ணதாலதான் கலைச்சிட்டாள்னு சொல்லுவாங்க. ரெண்டு பொட்டப் புள்ளைங்க வெச்சிகினுகீறேன். அதுங்கள நாளைக்கு எவன் கட்டுவான்?”

அதன் பிறகுதான் மற்றதெல்லாம் தெரியவந்தது. தேசப்பன் வீட்டை விட்டுப் போய்ப் பத்துப் பதினைந்து நாள் ஆகிவிட்டதாம். சண்டை போடவில்லை, அடிக்கவில்லை. நாள் தள்ளிப்போன சேதியை அவள் சொன்னதும், பாயைச் சுருட்டிக்கொண்டு போய்க் கரையில் கட்டுமரத்துப் பக்கத்திலேயே படுக்க ஆரம்பித்துவிட்டான். இவள் சோறு தண்ணியை மறந்தாள், மாத்திரையையும் நிறுத்திவிட்டாள். அவன் அம்மாக்காரி விஷயத்தை ஊர்ப் பஞ்சாயத்துக்குக் கொண்டுபோவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா எங்கள் வாசலிலேயே இரண்டு பேத்திகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டது.

“எம் புள்ள ஆம்பளைங்க எவனும் பண்ணாத வேலைய இவளுக்கோசரம் பண்ணிட்டு வந்தான், நர்சம்மா. ஊரே சிரிச்சுது. எனக்குப் பேரன்னு ஒருத்தன் இல்லன்னு ஆயிடுச்சு. அதையும் வுடு. அதுக்கு இவ பண்ண மருவாதிய பாத்தியா?”

அந்த அம்மாவைக் கெட்டவள் என்று நான் சொல்ல மாட்டேன். அவளுக்குத் தெரிந்த கணக்குப்படி அவள் பேசியது சரிதான். மகன் அறுத்துக்கொண்டு வந்துவிட்டான், மருமகள் உண்டாகியிருக்கிறாள். நடுவில் வேறு என்ன இருக்க முடியும்?

எங்களுடன் வேலை பார்த்த பெண்கள் எல்லாருக்கும் ஒரே யோசனைதான் வந்தது. அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து விந்துப் பரிசோதனை செய்துவிட்டால் போச்சு, உண்மை தெரிந்துவிடும். டாக்டரும் அதையே சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நான் கரைக்குக் கிளம்பும்போது அந்த நினைப்போடுதான் கிளம்பினேன்.

கரையில் பெண்களுக்கு வேலை இல்லை என்று நினைக்காதீர்கள். மரம் வந்து சேரும்போது மீன் வாங்கப் பெண்கள்தான் முண்டியடிப்பார்கள். ஆனால் வலை பின்னுகிற கொட்டாய் ஆண்களுடையது. அங்கே கோவணத்தோடு உட்கார்ந்திருப்பார்கள், வாயில் வருவதைப் பேசுவார்கள். வீடு வீடாகப் போன எங்கள் ஊழியர்களில் ஒருத்திகூட அந்தக் கொட்டாய்ப் பக்கம் போனதில்லை. நானும் அன்றைக்குத்தான் முதல் தடவை போனேன். வெள்ளைப் புடவையைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. நாலைந்து பேர் அவசரமாக லுங்கியைத் தேடினார்கள். எனக்கு இருந்த கவலையிலும் சிரிப்பு வந்தது.

தேசப்பன் கடைசியில் உட்கார்ந்திருந்தான். அவனைக் கூப்பிட வாயெடுத்தபோதுதான் அதைப் பார்த்தேன். அவன் பக்கத்தில் இருந்த ஆள் தலைத்துண்டை அவிழ்த்து, அதற்குள்ளிருந்து வாய் முடிச்சுப் போட்ட ஒரு ரப்பர் பையை எடுத்தான். முடிச்சை அவிழ்த்தான். உள்ளேயிருந்து பீடியும் தீப்பெட்டியும் வந்தன. ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு, மறுபடி முடிச்சுப் போட்டுத் துண்டுக்குள் வைத்துக்கொண்டான். சுற்றிப் பார்த்தேன். முக்கால்வாசிப் பேரிடம் அதே பைதான். எல்லாம் நாங்கள் கொடுத்த நிரோத் ஆணுறை.

எங்கள் மையத்து வாசலில் நிரோத் பெட்டி ஒன்று இருக்கும். வேண்டியவர்கள் யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். கொருக்குப்பேட்டையில் நான் வேலை பார்த்தபோது அந்தப் பெட்டியில் தூசிதான் படிந்திருக்கும். இங்கே மட்டும் வாரா வாரம் காலியாகும். மீனவர்கள் எவ்வளவு விழிப்புணர்வோடு இருக்கிறார்கள் பாருங்கள் என்று மேலதிகாரி வந்து பாராட்டிவிட்டே போனார். கட்டுமரத்தில் அலை தலைக்கு மேல் அடிக்கும். பீடி நனையாமல் இருக்க அதைவிட நல்ல உறை கிடையாது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தேசப்பனைத் தனியாகக் கூப்பிட்டேன். எல்லார் எதிரிலும் பேசியிருந்தால் அவன் என்றைக்கும் எழுந்து வந்திருக்க மாட்டான். இதை மட்டும் மறக்காதீர்கள். கூட்டத்தில் இருக்கிற ஆம்பிளை கூட்டத்துக்காகத்தான் பதில் சொல்வான். மரத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் போய் நின்றோம்.

“அவ அனுப்புனாளா?” என்றான்.

“இல்ல. நானாத்தான் வந்தேன். ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லு. முகாம்ல ஆப்ரேசன் பண்ணாங்களே, அப்ப ஒரு பாக்கெட்டு குடுத்தாங்களா?”

“ஒரு கட்டு குடுத்தாங்க.”

“இன்னா பண்ண?”

அவன் இடுப்பு மடிப்பிலிருந்து எடுத்துக் காட்டினான். “தோ கீது. பீடி நமுத்துப்போவாம ஜோரா கீது.”

“இதை எதுக்குக் குடுக்குறோம்னு சொன்னாங்களா?”

“மூணு மாசம் யூஸ் பண்ணுன்னான் ஒர்த்தன். நான் கேட்டுகினு வந்துட்டேன். ஆப்ரேசன்தான் ஆயிடுச்சே, அப்பால இது இன்னாத்துக்கு? ஆப்ரேசன் பண்ணாதவனுக்குத்தான இது?”

நீங்களே சொல்லுங்கள், அவன் பேச்சில் எங்கே தப்பு? கையில் கட்டைத் திணித்து, ‘மூணு மாசம்’ என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று சொல்லவில்லை. முகாமில் கூட்டம் அதிகமாக இருந்திருக்கும். ஏன் என்று சொல்ல அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷம் இல்லாததால் ஒரு பெண் அங்கே கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கோபம் பொங்கியது. ஆனால் கோபப்பட அங்கே ஆள் இல்லை.

“தேசப்பா, உங்க தெருவுக்குத் தண்ணி லாரி வருதில்ல?” என்றேன்.

“வருது.”

“லாரிக்காரன் வால்வ மூடிட்டாலும் உங்கம்மா கொடத்த எடுக்க மாட்டாங்க, இல்ல? ஏன்?”

“டியூப்புல நின்ன தண்ணி வரும்ல. அதுல ஒரு கொடம் ரொம்பும்.”

“உனக்கும் அதேதான். வால்வ மூடிட்டாங்க. மூடுறதுக்கு முன்னாடியே டியூப்புல நின்னது உள்ளதான் கீது. அது சுத்தமா போவுறதுக்கு மூணு மாசம் ஆவும். அதுக்குத்தான் அந்தக் கட்டு.”

அவன் கையிலிருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்.

“அப்ப டெஸ்ட்டு கீதாமே. அத பண்ணு. பண்ணா தெரிஞ்சிடும்ல?”

இதைச் சொல்லவைக்கத்தானே நான் வந்தேன்? அவனே கேட்டுவிட்டான். சரி வா என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவில்லை. முன்பு ஒரு பெரிய டாக்டரிடம் வேலை பார்த்திருக்கிறேன். எந்தப் பரிசோதனைக்கு நாங்கள் சீட்டுக் கேட்டாலும், ‘ரிசல்ட் இப்படி வந்தா என்ன செய்வே, அப்படி வந்தா என்ன செய்வே, ரெண்டையும் சொல்லு, அப்புறம் எழுதறேன்’ என்பார். எரிச்சலாக இருக்கும். அன்றைக்கு அந்த மணலில் நின்றுகொண்டு எனக்கு நானே அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன்.

ஆபரேஷன் ஆகி ஏறக்குறைய மூன்று மாதம் ஆகிவிட்டது. இப்போது பரிசோதித்தால் விந்தில் உயிரணு ஒன்றுமில்லை என்று வரத்தான் வாய்ப்பு அதிகம். கரு தரித்த மாசி மாதத்தில் என்ன இருந்தது என்று அது சொல்லாது. ஆனால் குப்பம் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்குமா? ‘ஒன்றுமில்லை’ என்ற ஒரு வார்த்தையோடு அவன் அம்மா பஞ்சாயத்தில் போய் நிற்பாள். கஸ்தூரியை நான் என் கையாலேயே கொன்றதாகிவிடும்.

“பண்ண மாட்டேன்” என்றேன்.

அவன் முகம் மாறிவிட்டது. “இன்னாத்துக்கு மாட்ட? அவள காப்பாத்தப் பாக்குறியா?”

“ஆமா. காப்பாத்தத்தான் பாக்குறேன். அவ உசுர.” எனக்கும் குரல் உயர்ந்துவிட்டது. “டெஸ்ட்டு இன்னிக்கி உன் ஒடம்புல இன்னா கீதுன்னுதான் சொல்லும். அன்னிக்கி இன்னா இருந்துச்சுன்னு சொல்லாது. எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. அன்னிக்கி அந்த வூட்ல இருந்தது நீயும் அவளும். அவ இன்னா சொல்றா?”

“என்னுதுன்றா.”

“நீ இன்னா சொல்ற?”

அவன் பையை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டான்.

“சரி. நம்பணும்னா நம்பு, நம்பாட்டி போ. அது உங்க ரெண்டு பேர் வெவகாரம். அவ எப்டி கீறான்னு ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போ. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல.”

“பாக்கறதுக்கு மட்டும் வரேன். கையெழுத்துன்னுலாம் ஒண்ணும் கேக்காத.”

“வா.”

நான் முன்னே நடந்தேன். அவன் வருகிறானா என்று திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுவான் என்று தோன்றியது.

மையத்து வாசலில் அவன் அம்மா எழுந்து நின்றது. “டெஸ்ட்டுக்காடா வந்த? எடுத்துடு, நைனா. எடுத்துட்டா இன்னியோட முடிஞ்சிடும்” என்றது. அவன் என் பின்னால் வந்தான். ஆயா கையை நீட்டித் தடுத்து, பலகையைக் காட்டினாள். விடு என்று சொல்லி அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். வரிசையில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணிகள் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். அந்த மையத்துக்குள் நோயாளியின் புருஷன் என்று ஒருவன் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அதற்காக எனக்கு மெமோ வந்தது வேறு கதை.

கஸ்தூரி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. தோள் இரண்டும் மேலே ஏறி ஏறி இறங்கின. அவனைப் பார்த்தாள். பேச மூச்சு இல்லை. தேசப்பன் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டான்.

“எத்தினி நாளா இப்டி?” என்று என்னிடம் கேட்டான்.

“நீ வூட்ட வுட்டுப் போனதுலேர்ந்து.”

“கடல் தண்ணி குடிச்சவன கரையில தூக்கிப் போட்டா இப்டித்தான் மூச்சு வுடுவான்.” அவனாகவே பேசிக்கொள்கிற மாதிரி சொன்னான். கடலில் போகிறவன். அந்த மூச்சு எதில் போய் முடியும் என்று நாங்கள் யாரும் அவனுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அவன் வெளியே போனான். போய்விட்டான் என்றே நினைத்தேன். ஜன்னல் வழியாக அவன் குரல் கேட்டது. அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தான்.

“டெஸ்ட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது என்னுது. பஞ்சாயத்துல எவனாவது கேட்டா எங்கிட்ட வந்து கேக்கச் சொல்லு. போ, புள்ளைங்களுக்கு எதுனா வாங்கிக் குடு.”

அந்த அம்மா என்ன சொன்னது என்று கேட்கவில்லை. அதற்குள் டாக்டர் வண்டிக்கு ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கஸ்தூரி பிழைத்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் கருவைக் கலைத்து நல்லபடியாகப் பார்த்தார்கள். அடுத்த வருஷம் வால்வையும் சரி செய்தார்கள். நாங்கள் முகாம்களில் கட்டைக் கையில் கொடுக்கும்போது தண்ணி லாரிக் கதையையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தோம். பீடிக்கு வேண்டுமானால் தனியாக எடுத்துக்கொள் என்றும் சொன்னோம். ஆனால் உங்களிடம் நான் சொல்ல வந்தது அதுவல்ல. வண்டி வந்து நின்ற பிறகு அந்த அறையில் நடந்ததைத்தான்.

கடலோரத்தில் புருஷன் பெண்டாட்டி நாலு பேர் எதிரில் தொட்டுக்கொள்ள மாட்டார்கள். தேசப்பன் கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றான். “கெளம்பு” என்றான்.

கஸ்தூரி எழுந்திருக்கவில்லை. அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

“டெஸ்ட்டு எடுத்தியா?”

“இல்ல.”

“அப்பால எத்த வெச்சி நம்புன?”

அவன் என்னைப் பார்த்தான். டியூப், தண்ணி, மூணு மாசம் என்று ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன்.

“நீதான் சொன்னியே” என்றான்.

“மின்னாடியே சொன்னேன்.”

“ஆமா. மின்னாடியே சொன்ன.”

அவள் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் இறங்கியது. துடைக்கவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த இரண்டு கைகளையும் விட்டு, அவன் பக்கம் நீட்டினாள்.

“தூக்கு. என்னால நடக்க முடில.”